கதையின் நடுவில் இருக்கும் குழந்தை

எந்தக் கார்ட்டூன் சின்னக் குழந்தைக்கு ஆகாது என்று பெற்றோர் நாலு பேர் பேசத் தொடங்கினால் முதலில் வந்து விழும் பெயர் பெரும்பாலும் ஷின்சான். "அதைப் பாத்துட்டுத்தான் இப்படி எதுத்துப் பேசுறான்" என்பது வழக்கமான குற்றச்சாட்டு. இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. யோஷிதோ உசுய் வரைந்த 'க்ரேயான் ஷின்சான்' 1990இல் 'வீக்லி மாங்கா ஆக்‌ஷன்' என்ற ஜப்பானிய வார இதழில் தொடங்கியது. வயதுவந்த ஆண்களுக்கான இதழ் அது. 1992 ஏப்ரலில் டிவி அசாஹி அதை அசைபடத் தொடராக்கி, குடும்பங்கள் சேர்ந்து பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பியது. பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சி எது என்று ஜப்பானியப் பெற்றோர்-ஆசிரியர் கூட்டமைப்பு நடத்திய கருத்துக்கணிப்புகளில், பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்ற தொடர் இதுதான். இந்தியாவில் 2006இல் ஹங்காமா அலைவரிசைக்கு வந்தது. புகார்கள் குவிந்ததில் 2008இல் ஒளிபரப்பு நின்றது. அடுத்த ஆண்டு, ஆடை அவிழ்ப்புகளும் பெரியவர்களுக்கான நகைச்சுவையும் கத்தரிக்கப்பட்டுத் திரும்பியது.

கத்தரித்த பிறகு அது குழந்தைகளுக்கு ஏற்றதாகிவிட்டதா? இந்தக் கேள்விக்கு விடை தேட, அந்தத் தொடரில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஷின்னோசுகேவுக்கு வயது ஐந்து. பெரியவர்கள் பேசும் பேச்சை எடுத்து அப்படியே திருப்பி வீசுகிறான். அம்மாவின் எடையைக் கிண்டல் செய்கிறான். கல்லூரிப் பெண்களைக் கண்டால் வழிகிறான். வாய்க்கும் வயதுக்கும் உள்ள இடைவெளியில்தான் சிரிப்பு இருக்கிறது. முப்பது வயதுக்காரருக்கு அந்த இடைவெளி தெரியும். அதோடு வீட்டுக் கடன் தவணை, அப்பாவின் நாற்றமடிக்கும் காலுறை, தள்ளுபடி விற்பனைக்கு ஓடும் அம்மா என்று நடுத்தரக் குடும்ப வாழ்க்கையின் கேலியையும் அவர் ரசிப்பார். ஐந்து வயதுக்காரருக்கு அந்த இடைவெளி தெரிய வழியே இல்லை. அவரும் அதே வயதில்தான் இருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: தன் வயதுப் பையன் ஒருவன் ஏதோ சொல்கிறான், பெரியவர்கள் எல்லாரும் ஆடிப்போகிறார்கள், நிகழ்ச்சி முழுவதும் அவனைச் சுற்றியே நடக்கிறது. எந்தக் கத்தரியாலும் வெட்டி எடுக்க முடியாத பகுதி இது.

இன்னொன்றும் உண்டு. அம்மா அவன் தலையில் குட்டுகிறாள். இரண்டு பொட்டிலும் முட்டியை வைத்துத் திருகுகிறாள். அடி விழுந்த இடம் உருண்டையாக வீங்கி நிற்கிறது. இதைக் குறையாகச் சொன்ன பெற்றோரை நான் அதிகம் கண்டதில்லை. பிள்ளை வாயாடுவது நம்மை உறுத்துகிறது, பிள்ளை அடிவாங்குவது உறுத்துவதில்லை. தகுதி பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பல சமயம் நம் வசதியைத்தான் பார்க்கிறோம்.

அரசுகளும் அப்படித்தான். வங்கதேசம் 2013இல் இந்திக் குரலில் வந்த டோரேமானைத் தடைசெய்தது. பிள்ளைகள் வங்காளத்தை விட்டு இந்தி பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பது அங்கே கவலை. 2016இல் பாகிஸ்தானின் பஞ்சாப் சட்டமன்றத்தில் அதே தொடருக்குத் தடை கோரி ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது.  'குழந்தைக்கு ஆகாது' என்ற ஒரே தீர்ப்புக்குள் மொழி, நாடு, மரியாதை, படிப்பு என்று பெரியவர்களின் எல்லா அச்சங்களும் வந்து ஒதுங்கிக்கொள்கின்றன.

கார்ட்டூன் என்றாலே குழந்தைக்கானது என்ற எண்ணமும் பின்னால் வந்து சேர்ந்ததுதான். 1940இல் தொடங்கிய டாம் அண்டு ஜெர்ரி, திரையரங்கில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடுவதற்காக எம்ஜிஎம் தயாரித்தது. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரியவர்களே மிகுதி. 1960இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரவு நேரத் தொடராக வந்த ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் தொடருக்கு விளம்பரதாரர்களில் ஒன்று வின்ஸ்டன் சிகரெட். கதாபாத்திரங்களே விளம்பரத்தில் புகைத்தார்கள். பிறகு அமெரிக்க அலைவரிசைகள் சனிக்கிழமைக் காலை நேரத்தைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கியபோது, பழைய படங்கள் பெட்டியோடு அங்கே குடிபெயர்ந்தன. 2006இல் பிரிட்டனில் ஒரு பார்வையாளர், டாம் அண்டு ஜெர்ரியின் இரண்டு பழைய படங்களில் புகைபிடிக்கும் காட்சி வருகிறது என்று ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமிடம் முறையிட்டார். புகையைக் கவர்ச்சியாகக் காட்டும் காட்சிகளை வெட்ட, ஒளிபரப்பிய நிறுவனம் ஒப்புக்கொண்டது. கோடரியும் வெடிகுண்டும் அப்படியே இருந்தன.

அந்தக் கோடரி, வெடிகுண்டு விஷயத்தில் ஆய்வாளர்கள் நிறையவே உழைத்திருக்கிறார்கள். 1967 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்முறைச் செயல்களை எண்ணிவந்த ஜார்ஜ் கெர்ப்னரின் குழு, மணிக்கணக்குப்படி பார்த்தால் பெரியவர்களின் இரவு நிகழ்ச்சிகளைவிட வார இறுதிக் குழந்தை நிகழ்ச்சிகளில்தான் அடிதடி அதிகம் என்று கண்டது. அதற்கும் முன்பே, 1963இல் வெளியான ஆய்வொன்றில் ஆல்பர்ட் பண்டூராவும் கூட்டாளிகளும் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளிக் குழந்தைகள் 96 பேரைச் சோதித்திருந்தார்கள். சிலர் முன்னிலையில் ஒருவர் நேரில் வந்து காற்றடைத்த பொம்மையை அடித்தார். சிலருக்கு அதே காட்சி படமாகக் காட்டப்பட்டது. இன்னும் சிலருக்கு, கறுப்புப் பூனை வேடமிட்டவர் வண்ண மரங்களுக்கு நடுவே பொம்மையை அடிக்கும் 'கார்ட்டூன்' காட்டப்பட்டது. எதையும் பார்க்காத குழந்தைகளோடு ஒப்பிட, மூன்று வகையினரும் பிறகு விளையாடும்போது கூடுதலாகவே அடித்தார்கள். பூனையாக இருந்ததால் பாதிப்பு குறையவில்லை. இந்த ஆய்வைக் குறைகூறுவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அடி வாங்கவென்றே செய்யப்பட்ட பொம்மையை அடிப்பதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அடிப்பதும் ஒன்றாகாது. சில நிமிடங்களுக்குப் பிறகு கண்டதைச் சில மாதங்களுக்கு நீட்டவும் முடியாது.

எண்ணிக்கையைவிட எனக்குப் பயன்பட்டது வேறோர் ஆய்வு. 1990களில் நான்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மூன்று ஆண்டுகள் நடத்திய தேசியத் தொலைக்காட்சி வன்முறை ஆய்வு, எத்தனை அடி என்று எண்ணியதோடு நிற்காமல் எப்படிப்பட்ட அடி என்றும் கேட்டது. அடிப்பவர் குழந்தைக்குப் பிடித்தவரா? அடிக்கு நியாயம் கற்பிக்கப்படுகிறதா? அடித்தவருக்குப் பாராட்டு கிடைக்கிறதா, தண்டனை கிடைக்கிறதா? அடிபட்டவருக்கு வலிக்கிறதா? இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் நாம் வழக்கமாகப் போடும் வரிசை கலைந்துபோகிறது. டாம் அண்டு ஜெர்ரியில் அடிக்கு நியாயமே இல்லை. யார் நல்லவர் என்றும் உறுதியில்லை. அடித்தவர் அடுத்த நொடியே வாங்குகிறார். நம்முடைய சோட்டா பீம் அப்படியில்லை. ராஜீவ் சிலக்காவின் ஹைதராபாத் நிறுவனமான க்ரீன் கோல்டு தயாரித்து 2008இல் போகோவில் தொடங்கிய அந்தத் தொடரில், பீம் நல்ல பையன், பலசாலி, லட்டு தின்றால் மேலும் பலசாலி. எதிரி கெட்டவன் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். குத்து விழும், ஊர் கைதட்டும். கதாநாயகன், நியாயம், பாராட்டு என்று மூன்றும் சேர்ந்துவரும் அடி அது. பெரியவர்கள் அதை 'நம்ம ஊர்க் கதை, நல்ல கருத்து' என்று நம்பிக் குழந்தையிடம் விட்டுவிடுகிறோம். மேற்சொன்ன அளவுகோலில் அது பூனை-எலிச் சண்டையைவிடக் கவனமாகப் பார்க்கவேண்டியது என்பது என் எண்ணம்.

பயம் இன்னும் சிக்கலானது. குழந்தையை எது பயமுறுத்தும் என்று ஊகிப்பதில் பெரியவர்கள் மோசம். ஜோன் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். 1985இல் சிந்தியா ஹாஃப்னருடன் சேர்ந்து அவர் செய்த சோதனையில் ஒரு கிழவியின் கதை நான்கு வடிவங்களில் எடுக்கப்பட்டது: அழகான நல்லவள், அழகான கொடியவள், அவலட்சணமான நல்லவள், அவலட்சணமான கொடியவள். மழலையர் பள்ளி வயதினர் பெரும்பாலும் முகத்தை வைத்தே அவளை மதிப்பிட்டார்கள். ஒன்பது, பத்து வயதினர் அவள் செய்ததை வைத்து மதிப்பிட்டார்கள். இன்னோர் ஆய்வு 'இன்க்ரெடிபிள் ஹல்க்' தொடரைப் பற்றியது. சாந்தமான விஞ்ஞானி பச்சை அரக்கனாக மாறுகிறார், மாறிய பிறகு நல்லவர்களைக் காப்பாற்றுகிறார். பெரிய பிள்ளைகள் அவர் மாறுவதற்கு முன்னால், அவர் ஆபத்தில் இருந்தபோது பயந்தார்கள். சின்னப் பிள்ளைகள் காப்பாற்ற வந்த பிறகு பயந்தார்கள். "அவன் நல்லவன்டா கண்ணா" என்று மடியில் வைத்துச் சொன்னாலும் மூன்று வயதுக்கு அது எடுபடாது. பச்சைத் தோலும் உறுமலும் அந்தச் சொல்லைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. அரக்கன் உண்மையில் நல்லவன் என்று முடியும் கதைகள் இன்று நிறைய வருகின்றன. அன்பான கருத்துதான். அது போய்ச் சேர்வது எட்டு வயதுக்கு.

குழந்தைக்கு மிக மென்மையானது என்று உலகமே ஒப்புக்கொண்ட தொடரும் இடம் மாறினால் தகுதி மாறும். பிரிட்டனின் பெப்பா பிக் தொடரில் ஓர் அத்தியாயம், வீட்டுக்குள் வந்த சிலந்தியோடு பெப்பா நட்பாவதைச் சொல்கிறது. சிலந்தி ஒன்றும் செய்யாது என்று அப்பா பன்றி தேற்றுகிறார். அந்தப் பிரிட்டிஷ் வீட்டுக்கு அது சரியான பாடம். ஆஸ்திரேலியாவில் ஃபனல்வெப், ரெட்பேக் போன்ற நச்சுச் சிலந்திகள் வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கும். 2012இல் அந்நாட்டின் ஏபிசி அந்த அத்தியாயத்தை ஒளிபரப்பிலிருந்து விலக்கியது. 2017இல் வேறோர் அலைவரிசையில் அது தலைகாட்டியபோது மறுபடியும் எதிர்ப்பு வந்தது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் திரியும் ஊரில் நான்கு வயதுக் குழந்தைக்கு, பாம்பைக் கையிலெடுத்துக் கொஞ்சும் கதாநாயகியைக் காட்டுவதற்கு முன் அந்த ஊர்ப் பெற்றோர் யோசிக்கத்தான் வேண்டும். லண்டன் தணிக்கையாளர் அதற்கு விடை சொல்லமாட்டார், சென்னைக்காரரும் சொல்லமாட்டார். பெப்பாவின் தொடக்க அத்தியாயங்களில் காரில் போகும்போது யாரும் சீட் பெல்ட் போடவில்லை. பெற்றோர் சொன்ன பிறகு பழைய படங்களில்கூட பெல்ட் வரைந்து சேர்த்தார்கள். இப்படித் திருத்திக்கொண்ட தயாரிப்பாளர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது.

இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே பிரச்சினை இருக்கிறது. அதைத் துலக்கமாகக் காட்டியது நீதிபோதனை பற்றிய ஓர் ஆய்வு. 'கிளிஃபோர்டு' என்ற பெரிய சிவப்பு நாயின் கதை அமெரிக்கப் பொதுத்தொலைக்காட்சியில் வந்த கல்வித் தொடர். நல்லெண்ணத்தில் குறைவே இல்லாதது. அதில் ஓர் அத்தியாயத்தில் மூன்று கால் நாய் ஒன்று ஊருக்கு வருகிறது. மற்ற நாய்கள் தயங்குகின்றன, ஒதுங்குகின்றன, கடைசியில் ஏற்றுக்கொள்கின்றன. உடல் ஊனமுற்றவர்களை ஒதுக்காதே என்பது சொல்லவந்த நீதி. மேரி-லூயிஸ் மேர்ஸும் எமிலி அகோஸ்டாவும் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அதைக் காட்டிவிட்டு என்ன புரிந்தது என்று கேட்டார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெரும்பாலான குழந்தைகள் நாயைத் தாண்டவில்லை. மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்கவேண்டும் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பாடம். மனிதர்களுக்கு அதைப் பொருத்திப் பார்த்தவர்கள் மிகச் சிலர். கதையில் நடக்காததை நடந்ததாக நினைவுகூர்ந்தவர்களும் உண்டு.

இதில் வியக்க ஒன்றுமில்லை. அத்தகைய கதையின் அமைப்பைப் பாருங்கள். இருபது நிமிடக் கதையென்றால் பதினைந்து, பதினாறு நிமிடம் தயக்கம், ஒதுக்கல், கிண்டல், சண்டை. கடைசி மூன்று நிமிடத்தில் மனமாற்றம். பெரியவர்கள் கதையை முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறோம். முடிவு வந்ததும் முன்னால் நடந்த எல்லாவற்றுக்கும் பொருள் மாறிவிடுகிறது. நான்கு வயதுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அதன் கையில் நடுப்பகுதிதான் இருக்கிறது: அதிக நேரம் ஓடியது, அதிகம் சிரிக்க வைத்தது, அதிகம் சத்தம் போட்டது. தங்கையைச் சீண்டும் அண்ணன் கடைசியில் மன்னிப்புக் கேட்கும் கதையிலிருந்து, எப்படிச் சீண்டுவது என்ற விவரம் முழுதாகக் கிடைக்கும். மன்னிப்பு ஒரு வார்த்தையாகக் கடந்துபோகும். பஞ்சதந்திரக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது ஏற்கக் கடினம். ஆனால் பாட்டி சொன்ன கதையில் ஒரு வசதி இருந்தது. குழந்தையின் முகம் பார்த்து நிறுத்தலாம், நரியின் தந்திரத்தைச் சுருக்கலாம், "ஏன் அப்படிச் செஞ்சுச்சு?" என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்லலாம். திரை நிற்பதில்லை.

நின்று பார்த்த தொடர்களும் உண்டு என்பது உண்மைதான். 1996இல் நிக்கலோடியன் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தை பதில் சொல்லுமளவுக்குக் காத்திருந்தது. அதே வழியில் வந்த டோரா 2007இல் தொடங்கிய சுட்டி டிவி மூலம் தமிழ் பேசி, ஒரு தலைமுறைப் பிள்ளைகளைத் திரையைப் பார்த்துக் கத்த வைத்தது. தெரிந்த வழியையே மூன்று முறை கேட்கும் அந்தப் பெண்ணைப் பெரியவர்கள் இன்றும் கேலி செய்கிறோம். அந்தக் காத்திருப்பு நமக்காக வைக்கப்பட்டதல்ல. லைன்பார்கர், வாக்கர் இருவரும் இரண்டரை வயது வரையிலான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ப்ளூஸ் க்ளூஸ், டோரா பார்த்தவர்களிடம் சொல்வளம் கூடுதலாகவும், டெலிடபீஸ் பார்த்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. மூன்றுமே குழந்தைக்கென்றே செய்யப்பட்டவை, மூன்றிலும் கெட்டது என்று ஒன்றுமில்லை. ஆகாதவற்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த வேறுபாடு தென்படாது.

வேகம் பற்றிய ஆய்வுகளை எச்சரிக்கையோடு படிக்கவேண்டும். 2011இல் ஏஞ்சலின் லில்லார்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஒன்பது நிமிடம் ஸ்பாஞ்ச்பாப் பார்த்தது. ஒரு குழு மெதுவான கல்வித் தொடர் பார்த்தது. ஒரு குழு படம் வரைந்தது. பிறகு, 'தலையைத் தொடு' என்றால் காலைத் தொடவேண்டும் என்பதுபோன்ற விளையாட்டுகள், தின்பண்டத்தை முன்னால் வைத்துக் காத்திருக்கச் சொல்லுதல் ஆகிய சோதனைகள். ஸ்பாஞ்ச்பாப் குழு தெளிவாகப் பின்தங்கியது. முதல் தொடரில் சராசரியாக 11 விநாடிக்கு ஒருமுறை காட்சி மாறியது, மற்றதில் 34 விநாடிக்கு ஒருமுறை. வேகமே காரணம் என்று செய்தித்தாள்கள் முடிவுகட்டின. அந்தத் தொடர் ஆறு முதல் பதினோரு வயதினருக்கானது, நான்கு வயதினரை வைத்துச் சோதித்தது சரியல்ல என்று நிக்கலோடியன் பதில் சொன்னது. குறைகூறலுக்கான அந்தப் பதிலே பெற்றோருக்கு நல்ல தகவல். லில்லார்டின் குழுவே 2015இல் தொடர்ந்து செய்த சோதனைகளில், வேகத்தைவிட, நடக்க முடியாதவை அடுக்கடுக்காக நடப்பதுதான் குழந்தையின் மூளையைக் களைக்க வைக்கிறது என்ற திசைக்கு வந்து சேர்ந்தது. இரண்டுமே உடனடி விளைவுகள். நாள்கணக்கில் என்ன ஆகும் என்று அவை சொல்லவில்லை. 'கார்ட்டூன் பார்த்தால் மூளை மழுங்கும்' என்று வாட்சாப்பில் சுற்றவிடுபவர்கள் இந்த ஆய்வைப் படித்ததாகத் தெரியவில்லை.

கண்ணுக்கு நேரே ஆபத்து வந்த சம்பவம் ஒன்று உண்டு. அதில் கதைக்குப் பங்கே இல்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் அத்தியாயத்தில், சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 முறை மாறி மாறி மின்னிய சில விநாடிகளில் பிள்ளைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வாந்தியும் வந்தன. சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டு ஒளிபரப்பாளர்கள் மின்னலுக்கு வரம்பு வகுத்தார்கள். வெளிச்சமான அறையில், திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பார்க்கச் சொல்லும் அறிவிப்பு ஜப்பானிய அசைபடங்களின் தொடக்கத்தில் வழக்கமானது அதன் பிறகுதான்.

இன்று வேகத்தைவிட என்னை யோசிக்க வைப்பது பிடித்துவைக்கும் கலை. 1968 வாக்கில், அமெரிக்கக் குழந்தைத் தொடரான 'செசமி ஸ்ட்ரீட்' தயாரிப்புக்காக எட்வர்டு பால்மர் ஒரு சோதனை வடிவமைத்தார். குழந்தைக்கு முன்னால் நிகழ்ச்சி ஓடும். பக்கவாட்டில் இன்னொரு திரையில் சில விநாடிக்கு ஒருமுறை வேறு படம் மாறும். குழந்தையின் கண் எப்போது அங்கே போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். தெருக் காட்சிகளில் கவனம் சிதறுகிறது என்று தெரிந்ததால்தான் 'பிக் பேர்டு' என்ற பெரிய மஞ்சள் பறவை அந்தத் தெருவுக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2022இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தியில் அதே சோதனை மறுபடி தலைகாட்டியது. யூடியூப் குழந்தைப் பாடல் தொடரான கோகோமெலனை நடத்தும் மூன்பக் நிறுவனம் லண்டனில் குழந்தைகளை உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு சிறு திரையில் அன்றாட வீட்டுக் காட்சிகளை ஓட்டுகிறது. குழந்தையின் கண் கார்ட்டூனை விட்டு அங்கே திரும்பினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறது. அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'டிஸ்ட்ராக்டட்ரான்'. கருவி ஏறக்குறைய ஒன்றுதான். பால்மருக்குக் கவனம் எழுத்தையும் எண்ணையும் கொண்டுசேர்க்கும் வழி. அவை போய்ச் சேர்ந்தனவா என்று அவர்கள் தனியாகவும் சோதித்தார்கள். கவனமே சரக்காகிவிட்ட யூடியூப் சந்தையில், வீட்டுக்குள் யாரோ நடந்து போவதைக்கூடக் குழந்தை திரும்பிப் பார்க்காதபடி செய்வதே வெற்றி. "போட்டா அசையாம உக்காந்து சாப்பிடுறான்" என்று நாம் மகிழ்வது, அந்த வெற்றியின் இந்தப் பக்கம்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஆறாம் விதி, குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் கெட்ட வார்த்தையும் வெளிப்படையான வன்முறையும் கூடாது என்கிறது. குழந்தைகளுக்கு ஒவ்வாதவற்றை அவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் காட்டக்கூடாது என்கிறது. அத்தோடு சரி, தொலைக்காட்சிக்கு வயது முத்திரை இல்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையவழித் திரைத் தளங்களுக்கு யூ, யூ/ஏ 7+, 13+, 16+, ஏ என்று பிரிவுகள் தந்தன. 2023 திருத்தத்துக்குப் பிறகு திரைப்படச் சான்றிதழிலும் அதேபோன்ற வயதுப் பிரிவுகள் வந்தன. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கீழ்ப்படியைப் பாருங்கள்: ஏழு. அதற்குக் கீழே எல்லாம் ஒரே கூடை. இரண்டு வயதும் ஆறரை வயதும் அதில் ஒன்று. முகத்தை வைத்து மனிதரை எடைபோடும் வயது, கதையின் முடிவைப் பிடிக்க முடியாத வயது, திரையில் மாறியதெல்லாம் உண்மையாகத் தோன்றும் வயது எல்லாம் அந்தக் கூடைக்குள்தான். 1997இல் வந்த அமெரிக்க முத்திரை, இரண்டு முதல் ஆறு வயதினரையும் மனத்தில் வைத்துச் செய்தவற்றைத் தனியாகப் பிரித்தது. ஏழுக்கு மேற்பட்டவற்றில் கற்பனைச் சண்டை மிகுந்தவற்றுக்கு இன்னொரு குறி போட்டது. நெதர்லாந்தின் கெய்க்வைஸர் 2001 முதல் வயதோடு காரணத்தையும் படக்குறியாகத் தருகிறது, 'பயம்' என்பதற்குத் தனிக் குறி உட்பட. நம் முத்திரைகளிலும் பயத்துக்கு ஓர் இடம் வந்தால் நல்லது. ஏழுக்குக் கீழே நான்கில் ஒரு கோடு போட்டால் இன்னும் நல்லது. எந்த முத்திரையும் கைப்பேசியில் ஒன்று முடிந்ததும் அடுத்ததாகத் தானே ஓடிவரும் யூடியூப் காணொளியைத் தொடாது என்பது வேறு விஷயம்.

ஆகவே தீர்ப்பு வீட்டிலேயே நடக்கவேண்டியிருக்கிறது. முதல் அத்தியாயத்தை வைத்து முடிவுசெய்யாமல் தொடரின் நடுவிலிருந்து இரண்டு, மூன்றைப் பார்ப்பது நல்லது. முதல் அத்தியாயம் பெற்றோரை நினைத்தே எடுக்கப்படுகிறது. சில நிமிடம் ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தால், மூன்று வயதுக்கு என்ன தெரியும் என்று ஓரளவு பிடிபடும். வசனம் கழன்ற பிறகு மிஞ்சுவது யார் யாரை அடித்தார், எந்த முகம் கோரமானது, யார் சிரித்தார் என்பதே. பார்த்து முடித்த குழந்தையிடம் "என்ன கருத்து?" என்று கேட்கக்கூடாது, பள்ளிக்கூடப் பதில்தான் வரும். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லும் கதை நடுவிலேயே நின்றுவிட்டால், அதன் முடிவிலிருந்த நீதி நமக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது என்று பொருள். மறுநாள் விளையாட்டில் குழந்தை யாராக நடிக்கிறது என்று கவனிப்பது அதைவிட நல்ல சான்று.

இப்படிப் பார்த்து நான் வந்து சேர்ந்த இடங்கள் சில. ஷின்சானை எட்டு, ஒன்பது வயதுக்கு முன் காட்டமாட்டேன். அதன் பிறகு கூட உட்கார்ந்து சிரிப்பேன். பீம் ஆறு வயதுக்கு மேல், அதுவும் தொடர்ந்து அல்ல. பெப்பா மூன்று வயதுக்குப் பொருந்தும். ஆஸ்திரேலியாவின் ப்ளூயி பெற்றோரின் கண்ணில் நீர் வரவைப்பது. ஏழு நிமிட அத்தியாயத்தில் சில இடங்கள் குழந்தையைத் தாண்டி நம்மிடமே பேசுகின்றன. அது குறையில்லை, ஆனால் நாம் உருகுவதைக் குழந்தைக்குப் புரிந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே எதுவுமே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தைமருத்துவக் கழகம் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணிநேரத்தை எதனால் நிரப்புவது என்பதுதான் மீதமுள்ள கேள்வி.

அதற்குப் புதிது புதிதாகத் தேடவேண்டிய அவசியமும் இல்லை. ப்ளூஸ் க்ளூஸ் தொடரின் தொடக்கக் காலத்தில் ஒரே அத்தியாயத்தைத் திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். சலிக்கும் என்று பெரியவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். டேனியல் ஆண்டர்சன் குழுவினர் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் கவனித்தது வேறு: திரும்பத் திரும்பப் பார்த்தபோது புரிதல் கூடியது, திரையை நோக்கிப் பதில் சொல்வதும் கூடியது. "அதையே போடு" என்று அழும் குழந்தைக்கு அதையே போடலாம். தானே அடுத்ததற்குத் தாவும் வசதியை மட்டும் முதலில் அணைத்துவிட வேண்டும்.